நான் தூக்கினால் அழுகிறாள்: அப்பா எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதப் பெண் குழந்தையின் அப்பா ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் தூக்கினால் அழுகிறாள். அவள் அம்மா வாங்கியதும் நிறுத்திவிடுகிறாள். இந்த வயதில் குழந்தைக்கு அம்மா போதும், நீ நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தால் போதும், பேசவும் ஓடவும் ஆரம்பித்த பிறகு தானாக ஒட்டிக்கொள்வாள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் அப்பா உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா, இல்லை இது இந்தக் காலத்துப் பேச்சா?"

குழந்தை வளர்ச்சி பற்றிப் படிப்பதும், புதிதாகப் பெற்றோர் ஆனவர்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான் இருபது வருடங்களாக என் வேலை. இதே கேள்வியைப் பல ஆண்கள் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். சிலர் கோபமாக, சிலர் வெட்கத்தோடு, ஒருவர் அழுதுகொண்டே. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அப்பா முக்கியம்தான். ஆனால் அந்த முக்கியத்துவம் பெற்றதனால் மட்டும் வந்து சேர்வதில்லை; தினமும் கையால் செய்கிற காரியங்களால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. ஆகவே "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை எனக்குச் சம்மதமில்லை.

சரி, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சாதகமான ஆதாரத்தையே முதலில் வைக்கிறேன். ரெபெக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். குழந்தைகள் பலர் சிறு வயதிலேயே இறந்துபோகிற சமூகங்களில், யார் உயிரோடு இருந்தால் குழந்தை பிழைக்கிறது என்று பார்த்தார்கள். அம்மா இறந்துவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. இது எல்லா இடத்திலும் தெரிந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி இருந்தால் பெரும்பாலும் நல்லது. அப்பாவைப் பற்றி விசாரித்த ஆய்வுகளிலோ மூன்றில் ஒரு பங்கில்தான் அவர் இருப்பதால் நன்மை தெரிந்தது. பாலூட்டிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டாலும், ஆணும் சேர்ந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிற இனங்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் இதில் வேறொன்று தெரிகிறது. அப்பா இல்லாத இடத்தில் பாட்டி, அக்கா, சித்தி, மாமா என்று யாராவது வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். மனிதக் குழந்தையை ஒருவர் மட்டும் வளர்க்கவே முடியாது. இன்னொரு கை எப்போதும் வேண்டும். அந்த இன்னொரு கை அப்பாவுடையதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முழுக்க விலகி நிற்கிற அப்பாவும் உண்டு, குழந்தையைக் கீழேயே விடாத அப்பாவும் உண்டு. மத்திய ஆப்பிரிக்காவின் காடுகளில் வேட்டையாடி வாழும் அகா (Aka) என்ற பழங்குடி மக்களைப் பாரி ஹியூலெட் என்ற மானுடவியலாளர் பல வருடங்கள் கூடவே இருந்து கவனித்தார். அங்கே அப்பாக்கள் ஒரு நாளில் 47 சதவீத நேரம் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அங்கே வலை கட்டி வேட்டையாடுவதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள், குழந்தையும் கூடவே போகிறது. ஆண் என்றால் குழந்தை பார்க்க வராது என்பதை இயற்கையின் தலையில் கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தக் காலத்துப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். புறநானூற்றின் 92-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானிடம் சொல்வது என்ன தெரியுமா? குழந்தையின் மழலை யாழிசை போல இருக்காது, தாளத்துக்கும் வராது, பொருளும் விளங்காது. ஆனாலும் அதைக் கேட்டால் தந்தையருக்கு அருள் சுரக்கிறது. போர்க்களத்து மன்னனிடம் பேசும்போது, அவனுக்குச் சட்டென்று விளங்கும் உவமையாக அவர் எடுத்தது ஓர் அப்பாவின் இளகிய மனத்தை. ஆக, இது ஒன்றும் நேற்று முளைத்த பேச்சில்லை.

இனி உங்கள் குழந்தையின் அழுகைக்கு வருகிறேன். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

1980-இல் அந்தோனி டிகாஸ்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். குழந்தையின் வாயில் ஒரு சூப்பான். அதைச் சப்புகிற வேகத்தை, நடுவில் விடுகிற இடைவெளியைக் குழந்தை மாற்றினால், காதில் கேட்கிற குரல் மாறும். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல், இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரலை வரவழைக்கும்படி சப்பக் கற்றுக்கொண்டன. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா. நான்கு வருடம் கழித்து, 1984-இல், அப்பாவின் குரலை வைத்து இதே மாதிரி சோதித்தார்கள். இரண்டு ஆண் குரல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஆனால் தன் அப்பாவின் குரல்தான் வேண்டும் என்று அவை விரும்பவில்லை. அப்பாவும் ஒன்றுதான், முன்பின் தெரியாத ஆளும் ஒன்றுதான்.

இதைக் கேட்டுப் பல அப்பாக்கள் முகம் வாடிப்போவார்கள். வாட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அம்மாவுக்கு ஒன்பது மாத முன்பணம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. விஷயம் அவ்வளவுதான். உங்கள் மகள் உங்களை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவளுக்கு உங்களை இன்னும் போதுமான அளவுக்குத் தெரியவில்லை.

தெரியவைப்பது எப்படி என்பதற்கு ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஐந்து மாதப் பையனின் அப்பா. மனைவிக்கு உடம்பு முடியாமல் பத்து நாள் படுத்த படுக்கை. பால் கொடுக்கிற நேரம் போக மற்ற எல்லாம் இவர் தலையில். முதல் இரண்டு நாளும் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்றார். மூன்றாம் நாள் இரவு தற்செயலாக ஒன்று பிடிபட்டது. தோளில் சாய்த்தால் பையன் வீறிடுகிறான். முதுகு இவர் நெஞ்சில் படும்படி, முகம் வெளியே பார்க்கும்படி, ஒரு கை வயிற்றைத் தாங்கும்படி பிடித்தால் அடங்குகிறான். நடந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் முனகல் ஆரம்பித்துவிடும். ஐந்தாவது நாள் பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் வித்தியாசம் தெரிந்தது: பசி வந்தால் விட்டு விட்டு அழுவான், தூக்கம் வந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரே சுருதியில் அழுவான். பதினோராம் நாள் மனைவி எழுந்து வந்து பையனை வாங்கியபோது, அவன் அம்மா தோளில் இருந்தபடியே திரும்பி இவரைப் பார்த்துக் கையை நீட்டியிருக்கிறான். அந்தக் கை எப்படி நீண்டது என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் செய்து காட்டினார். ஐந்து விரலையும் விரித்து, மடக்கி, மறுபடி விரித்து. "என்னைத்தான் சார் கூப்பிட்டான்" என்றார். அந்தப் பத்து நாள் வராமல் இருந்திருந்தால், அவரும் இந்நேரம் பையன் பேச ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருப்பார்.

இதில் மாறுவது குழந்தை மட்டும் இல்லை, அப்பாவின் உடம்பும் மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் லீ கெட்லரும் அவருடைய குழுவும் 624 இளைஞர்களை 2005 முதல் நான்கரை வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகமாக இருந்தவர்கள்தான் துணை தேடிக்கொண்டு அப்பா ஆவதிலும் முந்திக்கொண்டார்கள். அப்பா ஆனதும் அவர்களுக்கு அந்த ஹார்மோன் நன்றாகவே இறங்கியது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, குழந்தையைத் தொடாதவர்களைவிட இன்னும் குறைவு. இதனால் ஆண்மைக்கு ஒரு பங்கமும் இல்லை. கை நிறையக் குழந்தையோடு இருப்பதற்கு உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் குழு 2014-இல் முதல் குழந்தை பெற்ற பெற்றோர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தது. அதில், பெண் துணை இல்லாமல் தாங்களே முதல் பொறுப்பாகக் குழந்தை வளர்த்த ஆண்களும் இருந்தார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உஷாராகிற அமிக்டலா என்ற பகுதி, அம்மாக்களுக்கு வேலை செய்வது போலவே அவர்களுக்கும் வேலை செய்தது. நள்ளிரவில் ஒரு சின்ன முனகலுக்கு அம்மா விழித்துக்கொள்வதும், பக்கத்தில் அப்பா குறட்டை விடுவதும் பிறவி வித்தியாசம் என்று நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு யார் எழுந்திருக்க வேண்டும் என்ற பழக்கம்.

அப்படியானால் அப்பா என்ன தருகிறார்? அம்மா தராத ஏதோ ஒன்றை ஆண் என்பதால் மட்டுமே தருகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தனியாக வளர்க்கும் அம்மாக்கள் அருமையான பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். அப்பா இல்லாத வீட்டைக் குறைவீடு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அப்பா தருவது முதலில் இரண்டாவது மடி. ஒருவருக்கு அலுப்பு தட்டினால் இன்னொருவர். ஒருவர் கோபத்தில் இருக்கும்போது ஒதுங்குவதற்கு இன்னொருவர். உலகத்தில் நம்பத்தக்கவர் ஒருவர்தான் என்று அறிந்த குழந்தைக்கும், இரண்டு பேர் என்று அறிந்த குழந்தைக்கும் வித்தியாசம் இருக்கிறது. மூன்றாவது ஆளையும் நம்பிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் இரண்டாவது ஆளிடமிருந்துதான் வருகிறது.

அப்புறம் விளையாட்டு. பல இடங்களில் அப்பாக்கள் குழந்தையோடு கொஞ்சம் முரட்டுத்தனமாக விளையாடுகிறார்கள்: தூக்கிப் போட்டுப் பிடிப்பது, துரத்துவது, கட்டிப் புரள்வது. பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு பாடம் நடக்கிறது. பயம் ஏறுகிறது, சிரிப்பாக மாறுகிறது, எல்லை மீறும் நேரத்தில் அப்பா நிறுத்துகிறார். "போதும்" என்றால் போதும் என்பதைக் குழந்தை தன் உடம்பால் கற்றுக்கொள்கிறது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரத்தில் கிராஸ்மன் தம்பதியர் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 16 வயது வரை பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதில் விளையாடும்போது குழந்தையின் மனநிலையைப் புரிந்துகொண்டு, அவசரப்படுத்தாமல், ஆனால் கொஞ்சம் சவால் விட்டு விளையாடிய அப்பாக்களின் பிள்ளைகள், பதின்ம வயதிலும் உறவுகளை நம்பி அணுகுகிறவர்களாக இருந்தார்கள். கவனியுங்கள், விளையாடினார்களா என்பதைவிட எப்படி விளையாடினார்கள் என்பதில்தான் விஷயம் இருந்தது. அழுகிற குழந்தையை இன்னும் உயரத் தூக்கிப் போட்டுச் சிரிப்பது விளையாட்டில் சேராது.

"என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், நான் கெட்டுப்போகவில்லை" என்றீர்கள். நம்புகிறேன். ஆனால் உங்கள் அப்பா நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லையா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். என் அப்பாவும் வேலை முடிந்து நாங்கள் தூங்கிய பிறகு வருகிறவர்தான். பேச்சு குறைவு. என்னைக் கட்டிப்பிடித்ததாக நினைவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் என் பெட்டியில் நான்கு பென்சில்களும் சீவி வைக்கப்பட்டிருக்கும். பிளேடால் சீவியது. கூர் நீளமாக, மரம் ஆறு பட்டையாகச் செதுக்கியது போல இருக்கும். சீவல் ஒரு துணுக்குகூடப் பெட்டிக்குள் கிடக்காது. அவர் வெளியூர் போன வாரங்களில் பென்சில் மொட்டையாக இருக்கும், அப்போதுதான் எனக்குத் தெரியும் அவர் வீட்டில் இல்லை என்று. எத்தனை மணிக்கு வந்தாலும், சாப்பிடுவதற்கு முன்னால் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தைச் சம்பாத்தியத்தோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அது வேறு கணக்கு. சம்பாதித்துக் கொடுப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. பசியில்லாத வீடு குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு, அதற்காக ஆண்கள் உடம்பைக் கரைத்துக்கொள்வதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் பணம் யாருடைய கையிலிருந்து வந்தது என்று நான்கு மாதக் குழந்தைக்குத் தெரியாது. குளிப்பாட்டியது யாருடைய கை என்று தெரியும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அப்பா வீட்டில் இருந்தாலே நல்லது என்பது தவறு. பிரிட்டனில் 1,116 குடும்பங்களின் ஐந்து வயது இரட்டைக் குழந்தைகளை வைத்துச் சாரா ஜாஃபி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சமூக விரோதப் போக்கு குறைவாக உள்ள அப்பா எவ்வளவு குறைந்த காலம் கூட வாழ்ந்தாரோ, அவ்வளவுக்குப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் கூடியது. அடிதடி, பொய், சட்டத்தை மீறுவது என்று வாழ்கிற அப்பாவாக இருந்தால் தலைகீழ்: அவர் எவ்வளவு காலம் கூட இருந்தாரோ அவ்வளவுக்குப் பிள்ளைகள் மோசமானார்கள். "பிள்ளைகளுக்காகவாவது பொறுத்துப் போ" என்று அடிவாங்கும் பெண்களிடம் சொல்கிறவர்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் பொறுத்துப் போகக் கூடாது.

பிரிவு பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லாமல் போவதன் விளைவுகள் குறித்துச் சாரா மெக்லனஹன் தன் சகாக்களோடு 2013-இல் செய்த தொகுப்பாய்வு, வறுமை போன்ற மற்ற காரணங்களைப் பிரித்தெடுக்க முயன்ற ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. மதிப்பெண்ணில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. பிள்ளைகள் மூர்க்கமாவது, பள்ளிப் படிப்பை முடிக்காமல் விடுவது, பெரியவர்களான பிறகும் மனம் துன்பப்படுவது ஆகியவற்றில் பாதிப்பு தெரிந்தது. விவாகரத்தான அப்பாக்கள் என்னிடம் வரும்போது நான் சொல்வது ஒன்றுதான்: வருகிறேன் என்று சொன்ன நாளில் போய் நில்லுங்கள். பரிசு வேண்டாம், சுற்றுலா வேண்டாம். வாசலில் நின்று காத்திருந்து ஏமாந்த ஒரு மாலையை எந்தப் பொம்மையாலும் ஈடுசெய்ய முடியாது.

உங்கள் மனநிலையைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அம்மாவுக்கு மனச்சோர்வு வரலாம் என்று இப்போது பலருக்குத் தெரியும். அப்பாவுக்கும் வரும். 2010-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி பத்தில் ஒரு அப்பா மனச்சோர்வுக்கு ஆளாகிறார். குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது உச்சத்தில் இருக்கிறது. நீங்கள் இப்போது சரியாக அந்தக் காலத்தில் இருக்கிறீர்கள். ஆண்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும், வீட்டுக்குத் தாமதமாகப் போவதாக வரும், "எனக்கு இங்கே வேலையில்லை" என்ற எண்ணமாக வரும். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பாக்களைப் பின்தொடர்ந்த 2005-ஆம் வருட ஆய்வில், குழந்தைக்கு எட்டு வாரம் ஆனபோது மனச்சோர்வில் இருந்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. அம்மாவின் மனச்சோர்வைக் கழித்துப் பார்த்த பிறகும் இப்படித்தான். அப்பாவுக்குக் கைக்குழந்தையிடம் ஒரு பங்கும் இல்லை என்றால், அவருடைய மனவாட்டம் மூன்று வருடம் கழித்துப் பிள்ளையிடம் எப்படித் தெரியும்? உங்களுக்கு அந்த அறிகுறிகள் இருந்தால், தயவுசெய்து ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, வீட்டில் நீங்கள் குழந்தையைத் தூக்கியதும் "அப்படி இல்லை, இப்படிப் பிடி" என்று யாராவது சொல்கிறார்களா? அம்மாவோ பாட்டியோ, அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் நான்கு தடவை திருத்தினால் ஐந்தாவது தடவை அப்பா குழந்தையைத் தூக்கவே மாட்டார். டயப்பரைக் கோணலாகக் கட்டினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மிஞ்சினால் ஒரு துணி நனையும். அதைத் துவைப்பதும் அப்பாவாக இருந்தால் அடுத்த தடவை தானாக நேராகக் கட்டுவார்.

வீட்டுக்கு வெளியே இதற்கு என்ன மதிப்பு என்பது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. டென்மார்க்கின் பல வருட வருமானக் கணக்குகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் நீண்ட காலத்துக்கு ஏறக்குறைய 20 சதவீதம் பின்தங்கிவிடுகிறது என்று காட்டியது. ஆண்களின் வருமானத்தில் ஓர் அசைவும் இல்லை. சமத்துவத்துக்குப் பேர் போன நாட்டிலேயே நிலைமை இது. வீட்டுப் பொறுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் வரை அலுவலகத்தில் சமம் வராது. பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள். கனடாவில் 7 முதல் 13 வயதுள்ள 326 பிள்ளைகளிடம் அலிசா கிராஃப்ட் செய்த ஆய்வில், வீட்டு வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொண்ட அப்பாக்களின் மகள்கள், பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வேலைகளோடு நிற்காமல் விரிவாக ஆசைப்பட்டார்கள். சமத்துவம் பற்றி அப்பா பேசிய பேச்சைவிட, அவர் பாத்திரம் துலக்கியதைத்தான் மகள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் எல்லாவற்றையும் தனிமனிதன் தலையில் போட்டுவிட முடியாது. நேரம் இல்லாதவனிடம் நேரம் கொடு என்றால் எங்கே போவான்? ஸ்வீடன் 1974-இலேயே குழந்தை வளர்ப்பு விடுப்பை அப்பாவுக்கும் சேர்த்துத் திறந்துவிட்டது. ஆனாலும் வெகுகாலம் பெண்கள்தான் அதை எடுத்தார்கள். நார்வே 1993-இல் வேறு வழி கண்டது: நான்கு வாரம் அப்பாவுக்கு மட்டும், அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடையாது. அதுவரை நூற்றுக்கு மூன்று நான்கு அப்பாக்கள் எடுத்துக்கொண்டிருந்த விடுப்பை, உடனே முப்பத்தைந்து பேர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் ஆள் விடுப்பு எடுத்தால், அவரோடு வேலை செய்கிறவர் தன் முறை வரும்போது விடுப்பு எடுக்கிற வாய்ப்பு 11 சதவீதப் புள்ளிகள் கூடியது. அண்ணன் தம்பி என்றால் 15 புள்ளிகள். மேலதிகாரி எடுத்தால் இன்னும் அதிகம். சட்டம் வாசலைத் திறந்தது, ஒருவரைப் பார்த்து ஒருவர் உள்ளே போனார்கள். ஜப்பானிலும் சட்டப்படி விடுப்பு பல வருடங்களாக இருந்தது. 2012-இல் நூற்றுக்கு இரண்டு அப்பாக்கள்தான் அதைத் தொட்டார்கள். 2022 முதல், விடுப்பு வேண்டுமா என்று நிறுவனமே ஊழியரிடம் கேட்டாக வேண்டும் என்று வைத்தார்கள். 2023-இல் நூற்றுக்கு முப்பது. கேட்கக் கூச்சப்படுகிற ஆணிடம் நாமே கேட்டுவிட்டால் போதும், பாதித் தடை விலகிவிடுகிறது.

நீங்கள் இன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் "குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், கிளம்புகிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்தால், பக்கத்து நாற்காலிக்காரர் அதைக் குறித்துக்கொள்வார். அவருக்குக் குழந்தை பிறக்கும்போது அது நினைவுக்கு வரும்.

இனி வேலையைப் பார்ப்போம். ஒரு காரியத்தை முழுக்க உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். உதவி செய்வதாக இருக்கக் கூடாது. தண்ணீர் எடுத்து வைப்பது முதல் ஈரத்துணியைக் காயப்போடுவது வரை உங்கள் பொறுப்பு. நான் குளியலைச் சொல்வேன், ஏனென்றால் அதில் தொடுதல் இருக்கிறது, முகம் பார்ப்பது இருக்கிறது, அம்மாவுக்கு அரை மணி நேரம் ஓய்வும் இருக்கிறது. தினமும் ஒரே நேரம். அவள் பசியோடோ தூக்கக் கலக்கத்திலோ இல்லாத நேரமாகப் பாருங்கள். மனைவியை அடுத்த அறையில் இருக்கச் சொல்லுங்கள். அம்மா கண்ணில் பட்டால் எந்தக் குழந்தையும் அங்கேதான் தாவும். முழங்கையால் தண்ணீரின் சூடு பாருங்கள். ஒரு நொடிகூடக் கையை எடுக்காதீர்கள், தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

முதல் வாரம் அழுவாள். அழுததும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிடியை மாற்றிப் பாருங்கள், நடந்து பாருங்கள், தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். என்ன பேசினாலும் சரி, குரல் பழக வேண்டும், அவ்வளவுதான். பசி என்று தெரிந்தால் மட்டும் அம்மாவிடம் கொடுங்கள். அழுகை தாங்க முடியாமல் உங்களுக்கு ஆத்திரம் ஏறுவது போல இருந்தால், தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நின்று மூச்சு விட்டு வாருங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. இந்த வயதில் அது மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கும்.

துடைக்கும்போது கழுத்து மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் மறந்துவிடாதீர்கள். பால் வழிந்து அங்கேதான் காய்ந்திருக்கும்.